கைக்கெட்டும் தாழ்ப்பாள்

அந்தத் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பிள்ளைகள், பெற்றோர், பள்ளி வாசலில் பென்சில் விற்கிற கடைக்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் தாழ்ப்பாள் டீச்சர். கேலியாக ஆரம்பித்த பெயர். கேலி பண்ணினால் பண்ணிவிட்டுப் போகட்டும், கதவு ஒழுங்காகச் சாத்தினால் போதும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் அவள். கணவர் பேருந்து ஓட்டுகிறவர். "வண்டிக்காவது பிரேக் இருக்கு, இவளுக்கு அதுவும் கிடையாது" என்பார். சொல்லிவிட்டு, காதில் விழுந்ததோ என்று சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

அந்த ஆண்டு கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த புதிதில் அவள் கவனித்தது தண்ணீர் டிரம்மைத்தான். தாழ்வாரத்தில் குழாய் வைத்த நீல டிரம். காலையில் ஆயாம்மா நிரப்பி வைத்தால் சாயங்காலமும் முக்கால்வாசி அப்படியே நிற்கும். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் பெண் பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. மத்தியானம் ஆனால் ஒருத்திக்கு வயிற்றுவலி, இன்னொருத்திக்குத் தலைவலி. எல்லாம் வீட்டுக்கு ஓடுவதற்கான நடிப்பு என்றார்கள் மற்ற ஆசிரியர்கள். நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரியும்.

எப்படித் தெரியும் என்றால், அதே வயதில், வேறொரு பள்ளியின் மூன்றாம் வகுப்பில், அவளும் காலையிலிருந்து அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டுக் கடைசியில் உட்கார்ந்திருந்த பெஞ்சையே நனைத்தவள். டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டீச்சரே சிரித்த பிறகு வகுப்பு சும்மா இருக்குமா? அன்றைக்கு விட்டதுதான். பள்ளிப் படிப்பு முடிகிறவரை பள்ளிக்கூடத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. இதை அவள் பெற்ற தாயிடமும் சொன்னதில்லை, கட்டிய கணவரிடமும் சொன்னதில்லை.

பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவு பாதிதான் இருந்தது. உள்ளே பாதி இடத்தில் உடைந்த நாற்காலிகள் குடியிருந்தன. தலைமையாசிரியரிடம் போய் நின்றாள். பெரிய சார் என்று எல்லோரும் அழைக்கும் அவர் கெட்டவர் இல்லை; கோப்பைகள்மேல் கொஞ்சம் ஆசை அதிகம், அவ்வளவுதான். ஓட்டப்பந்தயத்தில் பிள்ளைகள் வாங்கிவந்த கோப்பையைத் தன் கைக்குட்டையால்தான் துடைப்பார்.

"எந்தப் பொண்ணும் எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லலையே டீச்சர்" என்றார்.

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. அதை விட்டுவிட்டு, "சொல்லலைன்னா என்ன சார், எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். பெரிய சார் கல்கூட இல்லையே. நாற்காலிகள் வெளியேறின, குழாயில் தண்ணீர் வந்தது, கதவு வந்தது. கதவு போட்ட தச்சர் நல்ல வேலைக்காரர். தாழ்ப்பாளைத் தன் நெஞ்சுக்கு நேராக வைத்து, இழுத்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அது குழந்தைகள் பள்ளி என்பது அங்கே நின்ற பெரியவர்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவளுக்கும்தான்.

இரண்டு நாள் கழித்துக் கழிப்பறைக்குள்ளிருந்து ஒரே பாட்டுச் சத்தம். விசாரித்தால், தாழ்ப்பாள் எட்டாததால் பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள்: உள்ளே பாட்டு கேட்டால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஆசிரியர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் பாட வெட்கப்படுகிற பிள்ளைகள் மறுபடியும் மத்தியானம் வயிற்றுவலி என்று வந்து நின்றபோது சிரிப்பு போய்விட்டது. தச்சரை வீட்டுக்கே போய்ப் பிடித்து இழுத்துவந்தாள். முதல் வகுப்பின் ஆகக் குட்டையான பெண்ணைக் கதவோரம் நிறுத்தி, "இவ கை எங்க வருதோ அங்க வைங்க" என்றாள். பட்டப்பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

ஆண்டு விழா வந்தது. பள்ளியின் சாதனை அறிக்கையைப் பெரிய சார் தானே எழுதினார். ஓட்டப்பந்தயக் கோப்பை, ஓவியப் பரிசு, கையெழுத்துப் போட்டியில் முதலிடம்.

"கழிப்பறையைப் பத்தி ஒரு வரி போடுங்க சார்."

"டீச்சர், விழா மேடையில கக்கூஸ் பத்தியா பேசறது? சாதனைன்னா கையில தூக்கிக் காட்டற மாதிரி இருக்கணும். கதவைக் கழட்டியா மேடைக்குக் கொண்டுவர முடியும்?"

அதோடு விட்டிருந்தால்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். விழாவன்று வந்து பார்த்தால் கழிப்பறைக் கதவில் புத்தம்புதுப் பூட்டு தொங்குகிறது.

"சிறப்பு விருந்தினரா டாக்டரம்மா வர்றாங்க. போன வருஷம் வந்தவர் மூக்கைப் பிடிச்சிட்டு ஓடினது மறந்துபோச்சா? இன்னிக்கு சுத்தமா இருக்கட்டும். யோசிச்சுப் பார்த்தா, இனிமே டீச்சர்ங்களுக்கு மட்டும்னு வெச்சுக்கிட்டாக்கூட நல்லதுதான்" என்று சொல்லிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் பெரிய சார்.

ஒரு நாளைக்கென்று விழுகிற பூட்டு மறுநாள் தானாகத் திறந்ததாகச் சரித்திரமே இல்லை. இன்றைக்கு விட்டால் வருடமெல்லாம் பட்ட பாடு தண்ணீரில் கரைத்த உப்புதான்.

விழா தொடங்கியது. மேடைக்குப் பின்னால் வண்ணத்துப்பூச்சி வேஷத்தில் ஒரு பெண் குழந்தை காலைப் பின்னிக்கொண்டு நின்றது. "டீச்சர்..." என்றது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. அந்த முகத்தை அவள் அறிவாள். அந்த வயதில் கண்ணாடியில் பார்த்த முகம்.

மேடையில் பெரிய சார் ஒரு கையில் கோப்பையும் மறுகையில் அறிக்கையுமாக ஒலிபெருக்கியில் முழங்கிக்கொண்டிருந்தார். அவள் படியேறினாள். நேராக அவர் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"சாவி."

"அப்புறம் டீச்சர், அப்புறம்" என்று பல்லைக் கடித்தார். பல்லைக் கடித்ததுகூட ஒலிபெருக்கியில் கேட்டது.

"எந்தச் சாவி?" என்றார் டாக்டரம்மா.

"கக்கூஸ் சாவிம்மா."

கூடத்தில் சிரிப்பு வெடித்தது. பெரிய சார் முகத்தில் ஈயாடவில்லை. அந்தச் சிரிப்பு அவளுக்குத் தன் பழைய வகுப்பிலிருந்தே வருகிற மாதிரி இருந்தது. ஆனால் நீட்டிய கையை மடக்கவில்லை.

"எந்தப் பொண்ணும் வந்து சொல்லலைன்னு கேட்டீங்களே சார். சொல்லாது. நான் சொன்னேனா? மூணாங்கிளாஸ்ல நான் பெஞ்சுலயே போயிட்டேன். இத்தனை வருஷத்துல இப்பதான் வாயைத் திறக்கறேன். இன்னிக்கு இந்தப் பிள்ளைக்கும் அதே கதி வரணுமா? சாவியைக் குடுங்க."

சிரிப்பு நின்றது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கணவர் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார். பெரிய சார் கோப்பையை மேசைமேல் வைத்தார். சட்டைப்பைக்குள் கை விட்டார்.

அவள் கதவைத் திறந்துவிட்டாள். வண்ணத்துப்பூச்சி இறக்கையோடு உள்ளே பாய்ந்தது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. திரும்பினால் ஒரு வரிசையே நின்றிருந்தது, அதன் வாலில் டாக்டரம்மாவும். "எனக்கும்தான் ரொம்ப நேரமா" என்றார் மெதுவாக. தன் முறை வந்து உள்ளே போனவர், "தாழ்ப்பாளைக் காணோமே?" என்று குரல் கொடுத்தார்.

"கீழ! கீழ! குனிஞ்சு பாருங்க!" என்று வரிசை முழுக்கக் கத்தியது.

விழா முடிந்து கூட்டம் கலைந்தது. தொண்டை வறண்டுபோன பெரிய சார் டம்ளரும் கையுமாகத் தாழ்வாரத்து டிரம்முக்கு வந்து குழாயைத் திருகினார். சொட்டுக்கூட வரவில்லை. மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், ஆயாம்மா இன்னிக்குத் தண்ணி பிடிக்கலையா?"

"காலையில ரொப்பினாங்க, மத்தியானமும் ரொப்பினாங்க. பிள்ளைங்க குடிச்சிட்டாங்க சார்."

அவர் காலி டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் பைக்குள்ளிருந்து பூட்டையும் சாவியையும் எடுத்து நீட்டினாள். "கோப்பை இருக்கற அலமாரிக்குப் போட்டுக்குங்க சார்" என்றாள். வாங்கிக்கொண்டார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மூலையிலிருந்த குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார்.