தக்கை இல்லாத விண்கலம்

விண்கலத்துக்குள் முதலில் தண்ணீர் வந்தது நிக்லஸின் பக்கத்திலிருந்து. எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. கரையில் நின்ற ஆட்களைக் கூப்பிட்டுக் காட்ட ஏலவில்லையே என்பதுதான் அப்போதிருந்த ஒரே கவலை. மூழ்கப் போகிறோம் என்கிற விஷயம் கொஞ்சம் பிந்தித்தான் மண்டையில் ஏறியது.

பைபர் வேலை பழக வருகிறவர்கள் என்னிடம் ரெசினுக்கு எவ்வளவு ஹார்ட்னர் கலக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அதை ரெசின் விற்கிற கடைக்காரரே சொல்லித் தருவார். கல்பிட்டியில் இத்தனை வருடம் பைபர் வள்ளம் செய்ததில் நான் படித்த பாடம் வேறு. அதைப் படித்ததும் வள்ளத்தில் இல்லை, விண்கலத்தில். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

1. எதிரி நாடு

இந்தத் தொழிலில் உயிர் போகிற வேலை அச்சு செய்வதுதான். மரத்தில் உருவம் செய்து, பட்டி பூசி, கை தேயும்வரை தேய்த்து, கடலில் விட்டுப் பார்த்து, சரியில்லை என்று மறுபடி தேய்க்க வேண்டும். அச்சு சரிவந்துவிட்டால் பிறகு பேக்கரிப் போறணையில் பாண் வருகிற மாதிரி வள்ளம் வந்துகொண்டே இருக்கும்.

பக்கத்துக் கண்டக்குழியில் வள்ளம் செய்கிற யார்ட் வைத்திருக்கும் நிக்லஸ் அந்தக் கஷ்டம் ஒன்றும் படவில்லை. வேறொரு ஆளை அனுப்பி என்னுடைய வள்ளம் ஒன்றை வாங்கினான். கவிழ்த்துப் போட்டான். மெழுகு பூசி, பைபர் மெட் விரித்து, ரெசின் தடவி, அப்படியே அச்செடுத்தான். முன்பக்க அணியத்தில் மாதா படத்தை ஒட்டிவிட்டால் பெற்ற தகப்பனுக்குப் பிள்ளையை அடையாளம் தெரியாது என்று நினைத்தானாக்கும்.

அதுவரை அண்ணன் முறைக்கு என்னை நானா என்று கூப்பிடுவான். பெருநாளுக்கு என் வீட்டில் புரியாணி சாப்பிடுவான், நத்தாருக்கு எனக்குக் கேக் அனுப்புவான். அச்சு விஷயத்துக்குப் பிறகு புரியாணியும் இல்லை, கேக்கும் இல்லை. ஒரே வீதியில் எதிரெதிராக மோட்டார் சைக்கிளில் வந்தால் இரண்டு பேரும் கடலைப் பார்ப்போம். கல்பிட்டியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர் தெரியும் என்பது எங்களுக்கு நல்ல வசதி.

2. கொழும்புத் தம்பி

அப்படி நாங்கள் சந்தோஷமாக வாழ்ந்துகொண்டிருந்தபோதுதான் கொழும்பிலிருந்து ஒரு டைரக்டர் வந்தார். தாடி வைத்த, மரியாதையான தம்பி. விண்வெளிப் படம் எடுக்கிறாராம். எதிரி நாட்டுக் கப்பல்கள் இரண்டு மேலே மோதி ஒட்டிக்கொள்கின்றன. உயிர் தப்பிய எதிரிகள் இரண்டு பேரும் ஒரே கூட்டுக்குள் ஒரே காற்றைச் சுவாசித்துப் பூமிக்குத் திரும்ப வேண்டும். கடைசியில் கூடு கடலில் விழும். அந்தக் கூட்டைப் பைபரில் செய்து தர ஏலுமா என்று கேட்டார்.

ஏலும் என்றேன். ஏலாது என்று சொன்னால் நிக்லஸிடம் போய்விடுவார். ஆனால் அவர் ஏற்கெனவே அங்கே போய்விட்டுத்தான் வந்திருந்தார்.

"ரெண்டு பேருமே செய்ங்க அங்கிள், ஆளுக்குப் பாதி," என்றார். "ரெண்டு நாடு செஞ்ச மாதிரி இருக்கணும். உங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லன்னு கேள்விப்பட்டேன். எனக்கு அதுதான் வேணும்."

எங்கள் சண்டையால் கலைக்கு ஒரு பிரயோசனம் கிடைத்தது அன்றைக்குத்தான். இடது பாதியை நான் செய்தேன். வலது பாதியை அவன் செய்தான். அளவுகளை டைரக்டரின் உதவியாளர் ஒருவர் ஐக்கிய நாடுகள் சபை மாதிரி அங்குமிங்கும் கொண்டு திரிந்தார். பாதிகள் இரண்டையும் கண்டக்குழிக் கரையில் வைத்துப் பொருத்தியபோது ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. ஒருவன் மற்றவனுக்குக் குறை சொல்ல இடம் கொடுக்கக்கூடாது என்று வேலை செய்தால் அப்படித்தான் வரும். பொருத்தில் நான் தேவைக்கு அதிகமாக மெட் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு அவன் அதற்குமேல் இன்னொன்று போட்டான்.

கதவு மட்டும் கொழும்பில் செய்து வந்தது. வெளியே உண்மையான கொண்டி. உள்ளே கைப்பிடி மாதிரி வரைந்த ஒரு படம்.

3. வழக்கம்

இங்கே தொழில் சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வள்ளத்தின் அடியிலும் ஒரு துவாரம் இருக்கும். கரையேற்றினால் உள்ளே தேங்கிய தண்ணீர் அதால் வடியும். கடலுக்கு இறக்கும்போது அதை றப்பர் தக்கையால் அடைக்க வேண்டும். என் யார்ட்டில் அந்த முதல் தக்கையை நான் போடுவதில்லை. சொந்தக்காரர்தான் தன் கையால் போட வேண்டும். பிஸ்மில்லாஹ் சொல்லிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், சிலுவை அடையாளம் போட்டுவிட்டுப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது அவர்களுடைய நேரம், நாங்கள் தள்ளி நிற்போம். அச்சோடு சேர்த்து இந்த வழக்கத்தையும் நிக்லஸ் களவெடுத்திருந்தான்.

விண்கலத்துக்கு வடிகால் துவாரம் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியாது. கைப்பழக்கம். என் பாதியில் நான் ஒன்று விட்டேன். அவன் பாதியில் அவன் ஒன்று விட்டான், என்னுடையதைவிடச் சின்னதாக. துவாரத்தைச் சின்னதாக்கினால் வள்ளம் சொந்த வள்ளமாகிவிடும் என்பது அவனுடைய சட்டம்.

சொந்தக்காரர் டைரக்டர். தக்கையைப் பற்றி அவரிடம் அவன் சொல்லியிருப்பான் என்று நான் இருந்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று அவன் இருந்தான். டைரக்டர் தேங்காய் உடைத்தார், விளக்கேற்றினார், எல்லோருக்கும் கேக் கொடுத்தார். தக்கை போடவில்லை.

நடிகர்கள் இரண்டு பேரும் புத்திசாலிகள். செய்தவர்கள் முதலில் ஏறிக் காட்டட்டும் என்றார்கள். நிக்லஸ் ஏறினான். அவன் தனியாகப் போய் வந்தால் தன் பாதிதான் மிதந்தது என்று ஊரெல்லாம் சொல்லுவான். நானும் ஏறினேன். வெளியே கொண்டியைப் போட்டார்கள்.

4. ஒரே காற்று

வாடைக் காலம், கடல் குளம் மாதிரிக் கிடந்தது. இழுத்துப் போன வள்ளக்காரர், கயிறு படத்தில் தெரியக்கூடாது என்று டைரக்டர் சொன்னபடி அதை அவிழ்த்துவிட்டுத் தூரப் போனார். மேலே ட்ரோன் சுற்றியது. கரைக்காற்று எங்களை மெதுவாக வெளிக்கடலுக்குத் தள்ளியது.

பிறகுதான் நான் முதலில் சொன்ன சந்தோஷம். அவன் பக்கத்துப் பலகைக்கடியிலிருந்து தண்ணீர் எட்டிப் பார்த்தது. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என் கதிரைக்கடியைப் பார்த்துச் சிரித்தான். என் பக்கத்திலும் தண்ணீர். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தக்கை ஞாபகம் வந்தது.

யன்னலில் தட்டிக் கத்தினோம். கரையிலிருந்து ஒலிபெருக்கி கேட்டது. நன்றாக இருக்கிறதாம், இன்னும் கொஞ்சம் பயத்தைக் காட்ட வேண்டுமாம். என் வாழ்க்கையில் என் நடிப்பை ஒருவர் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான்.

தரைப் பலகையைப் பெயர்த்தோம். கமராவுக்காகக் கதிரைகளை நேருக்கு நேர் இறுக்கியிருந்தார்கள். அதனால் என் கால் எட்டியது அவனுடைய துவாரத்துக்கு. அவன் கால் எட்டியது என்னுடையதற்கு. ஒரே ஆள் இரண்டையும் அடைக்க ஏலாது, அவ்வளவு இடைவெளி. அவனுடைய சின்னத் துவாரத்தில் நான் கால் பெருவிரலை விட்டேன். என்னுடையதை அவன் குதிகாலால் அடைத்தான். தண்ணீர் வருவது நின்றது. ஏற்கெனவே வந்தது முழங்காலுக்குக் கீழே நின்றது. நான் கலிமாச் சொன்னேன், அவன் மாதாவைக் கூப்பிட்டான்.

கொஞ்ச நேரத்தில் அவன் யன்னலைத் தடவிப் பார்த்தான். அது வெறும் பேஸ்பெக்ஸ் பிளாஸ்டிக்.

"இத உதைச்சா உடையும்," என்றான். "நான் நீந்திப் போயிருவன். உங்களுக்கு நீந்த ஏலுமா?"

வள்ளம் செய்கிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது. "ஏலும்," என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். "பொய் சொல்றீங்க நானா. வள்ளம் இறக்கக்குள்ள முழங்காலுக்கு மேல நீங்க ஒருநாளும் தண்ணியில நிண்டதில்ல."

எனக்கு நீந்தத் தெரியாது என்பது என் மனைவிக்கே தெரியாத விஷயம். என் பிள்ளைகளுக்கும் தெரியாது. எதிரியைப் போல ஊன்றிப் பார்க்கிற ஆள் வேறு யார்? அவன் காலை எடுத்தால் என் துவாரத்தால்தான் நான் சாவேன். எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது. அந்த நிலைமையில் எனக்கு வாயில் வந்தது இதுதான்:

"என்ட அச்சக் களவெடுத்தவன்தானே நீ."

"ஓம், எடுத்தன்."

"ஏன்டா?"

"இந்தக் கரையில வேற யார்ட வள்ளத்துல எடுக்கச் சொல்றீங்க? மத்தவன்ட வள்ளம் கடல்ல ஓடுமா?"

இத்தனை வருடமாக ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அது இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. சாவு காலடியில் கிடந்தது, ஆனாலும் மனம் குளிர்ந்துபோனது. வெட்கக்கேடு.

அவன் யன்னலை விட்டுக் கையை எடுத்தான். குதிகாலை இன்னும் அழுத்தினான்.

கடைசியில் கவனித்தவர் எங்களை இழுத்துப் போன வள்ளக்காரர். காலையில் மிதந்ததைவிடக் கூடு தாழ்ந்திருப்பதைக் கண்டுவிட்டு, டைரக்டர் கத்தக் கத்த வந்து கொண்டியைத் திறந்தார். கரைக்கு வந்தபோது நாங்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். கால் விறைத்திருந்தது, விட்டால் விழுந்துவிடுவோம். டைரக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. படத்தின் முடிவு அப்படித்தானாம், எதிரிகள் இருவரும் கட்டிப்பிடித்து அழுவார்களாம். நாங்கள் அழவில்லை. கால் சரிவந்ததும் ஆளுக்கொரு ஓட்டோ பிடித்து வீட்டுக்குப் போனோம்.

5. பாடம்

படம் வந்தது. நடிகர்கள் கடலில் இறங்க மறுத்ததால் கடைசிக் காட்சியை அலையில்லாத களப்பில் முழங்கால் தண்ணீரில் எடுத்திருந்தார்கள். பெயர்ப்பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. தேங்காய் வாங்கிக் கொடுத்தவர் பெயர் இருந்தது.

நிக்லஸும் நானும் இன்றைக்கும் கதைப்பதில்லை. அவன் இன்றைக்கும் என் அச்சில்தான் வள்ளம் செய்கிறான். ஆனால் நான் வள்ளம் இறக்குகிற நாளில் அழைக்காமலே வந்து நிற்பான். அவன் இறக்கும்போது நானும் போவேன். வந்தவன் "தக்கை?" என்று கேட்பான். இறக்குகிறவன் "இரிக்கி" என்பான். கேட்டவன் அதை நம்பாமல் குனிந்து கையால் தடவிப் பார்ப்பான். தேத்தண்ணி குடிக்காமல் போய்விடுவான். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: வள்ளம் இறக்கும்போது நண்பனைக் கூப்பிடாதீர்கள், அவன் வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கேக் சாப்பிடுவான். எதிரியைக் கூப்பிடுங்கள், அவன் குனிந்து பார்ப்பான்.

போன மாதம் புத்தளத்து முதலாளி ஒருவருக்கு வள்ளம் இறக்கினேன். அவர் கையில் போன், வாயில் பேச்சு. நிக்லஸ் வந்து "தக்கை?" என்றான். முதலாளி போட்டிருப்பார் என்ற நினைப்பில் "இரிக்கி" என்றேன்.

அவன் குனிந்தான். தடவினான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். சேர்ட் பொக்கெட்டில் கையை விட்டு ஒரு றப்பர் தக்கையை எடுத்தான். துவாரத்தில் வைத்து உள்ளங்கையால் ஒரு அடி அடித்தான். மணலைத் தட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனான்.

குனிந்து பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. அவனுடைய துவாரத்துக்கு அந்தத் தக்கை பெரிது, போகாது. என் அளவுக்கென்றே செய்து பொக்கெட்டில் வைத்துத் திரிந்திருக்கிறான். அதையும் என் வள்ளத்திலிருந்துதான் அச்செடுத்திருக்க வேண்டும். இந்தத் தடவை நான் சண்டைக்குப் போகவில்லை.