தோளைத் திருப்பிய துரை

அரியலூரில் ரயில்வே வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்காரத் துரை, சாயங்காலமானால் எங்கள் வீட்டெதிர்ப் பொட்டலில் வளைந்த தடியால் சின்னப் பந்தை அடித்து கோல்ஃப் பழகுவார். தடி இறங்கும்போது முதலில் இடுப்பு திரும்பும், பிறகு தோள். மேலுடம்பு பின்பக்கம் சாயும். செம்மண் பறக்கும், பந்து அங்கேயே கிடக்கும். தோள் சரியாகத் திரும்பவில்லை என்று தன்னையே கடிந்துகொள்வார்.

ஒருநாள் எங்கள் மாட்டுக் கொட்டகையில் நல்ல பாம்பு. அப்பா ஊரில் இல்லை. அம்மா பொட்டலுக்கு ஓடினாள்.

“துரை, தடியோட ஓடியாங்க! கன்னுக்குட்டிகிட்ட பாம்பு படம் எடுத்து நிக்குது!”

வந்தார். கால்களை அகட்டி வைத்தார். தோளைச் சரிபார்த்தார். மெல்லத் தடியை ஓங்கினார். அதற்குள் பாம்பு வேலிக்குள் போய்விட்டது. துரை நிறுத்தவில்லை, வெறுந்தரையில் வீசி முடித்தார்.

“அம்மா, தோள் திரும்பினதா? சரியா?”

“ரொம்ப நல்லாத் திரும்பிச்சுங்க.”

கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. துரைக்கோ முகமெல்லாம் சிரிப்பு.