வேட்டிக்காக வைத்த கம்பி

அந்தக் கம்பி இல்லாதிருந்தால் தம்பிப்பிள்ளை மாஸ்டர் எழுந்து நடந்து வந்திருப்பாரா? பத்து நாட்களாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன்.

செய்தியைக் கொண்டுவந்தவர், வாவியில் ஆட்களையும் வண்டில்களையும் கரைமாற்றும் ‘பாதை’ என்ற மிதவையில் வேலை செய்யும் கணபதியர். மாலை மழையில் நனைந்தபடி பாடசாலை வாசலில் நின்றார்.

"மிஸ், நம்மட மாஸ்டர் வாய்க்காலுக்குள்ள வண்டியோட விழுந்திட்டார். முழங்கால் தண்ணிதான். கால் கம்பிக்குள்ள மாட்டிக்கிட்டு. நாங்க தூக்கக்குள்ள உசிர் இல்ல."

மாஸ்டர் எங்கள் பெண்கள் பாடசாலையில் பதினொரு ஆண்டுகள் கணக்குக் கற்பித்தார். நான் தலைமையாசிரியை. எங்களுக்குள் அடிக்கடி ஒத்துப்போகாது. வகுப்பில் அவர் குரல் அளவுக்கு மிஞ்சி உயரும். என் நேரசூசியை அவர் ஒருநாளும் மதித்ததில்லை. ஆனால் பெரியபிள்ளையானதும் வீட்டில் மறிக்கப்பட்ட மாணவிகளைத் தேடி வாவிக்கு அக்கரையான படுவான்கரைக்குப் போய், தகப்பன்மாரோடு வாதாடித் திருப்பி அழைத்துவர அவரைத் தவிர எவரும் முன்வரவில்லை. அதற்காகத்தான் மோட்டார் சைக்கிள் வாங்கினார்.

கொழும்பிலிருந்து ரயிலில் வண்டி வந்தது. விளக்கு, ஹோர்ன், சாமான் கட்டும் சட்டம், விழுந்தால் காலைக் காக்கும் இரும்புக் கால்காப்பு எல்லாம் தனிப் பொதியில் வந்தன. பூட்டித் தர ஆள் இருந்தும் அவர் விடவில்லை.

"என்ட வண்டிய நானே பூட்டாட்டி, நடுவழியில கழண்டா ஆரைக் கேக்கிற?" என்றார்.

ஒரு சனிக்கிழமை பாடசாலைக் கொட்டகையில் வேலை நடந்தது. பொதியோடு வந்த ஆங்கிலத் துண்டுத்தாளை நான் வாசிக்க, அவர் முடுக்கினார். ஹோர்னை அழுத்தியதும் எழுந்த சத்தத்தைக் கேட்டு, "கன்று போடுற மாடு மாதிரிக் கத்துது மிஸ், தகப்பன்மார் பயந்தே பிள்ளைய அனுப்பிருவாங்க" என்று சிரித்தார். கால்காப்புக்கும் வண்டிக்கும் இடையில் வேறெதையும் பூட்டக்கூடாது என்று அத்தாளில் ஒரு வரி இருந்தது. அதையும் வாசித்தேன்.

வேட்டியோடு ஓட்டாதீர்கள் என்று அப்போதே சொன்னேன்.

"காற்சட்டையோட போனா வரி அறவிட வந்தவன் எண்டு படலையச் சாத்திருவாங்க. வேட்டியோட போனாத்தான் பாயப் போட்டு இருக்கச் சொல்லுவாங்க, மிஸ்."

அது உண்மை என்பதால் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

ஒரு மாதத்துக்குள் வேட்டி புகைக்குழாயில் பட்டு எரிந்து, கணுக்காலுக்கு மேலே தோல் உரிந்தது. மூன்று கிழமை அவரால் எங்கும் போக முடியவில்லை. அதற்குள் இரண்டு மாணவிகளைக் கலியாணம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கோபம்.

"இதுக்கொரு வழி செய்யுங்க மாஸ்டர். பிள்ளைகள் உங்கட புண் ஆறும்வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க" என்றேன்.

அவர் கொல்லனிடம் ஒரு கம்பியை வளைப்பித்து, கால்காப்பின் உட்புறத்தில் தானே பூட்டினார். வேட்டி அதைத் தாண்டிக் குழாயில் படாது. ஆனால் காலை மேலிருந்து உள்ளே இறக்க வேண்டும்.

"அவசரத்துக்குக் கால் வெளிய வருமா?"

"பழகினா வரும்."

"அந்தத் தாளில…"

"தாள் எழுதினவன் வேட்டி கட்டினவனா, மிஸ்?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் என் சம்மதம்.

அதன் பின் ஏழு பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். கம்பி நன்றாக வேலை செய்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

கடைசியாக, உன்னிச்சைப் பக்கத்து மாணவி ஒருத்தியின் பெயரை எழுதிக் கொடுத்தேன். மழை விடட்டும் என்று நான் சொல்லவில்லை. கணபதியரின் துறைக்குச் சற்று அப்பால், வயல்வெளியான வட்டைக்குள் போகும் வரம்புப் பாதையில் சில்லு வழுக்கி, வண்டி வாய்க்காலில் சரிந்து அவர்மேல் கிடந்தது. எவ்வளவு நேரம் போராடினார் என்று எவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கடுமையானவர், பிடிவாதக்காரர், சொன்ன இடத்துக்குப் போய்ச் சேராமல் திரும்பாதவர். போய்வாருங்கள், மாஸ்டர். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு இனி நான் போகிறேன்.

அவர் இறந்த மறுநாள் அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பியபின், அவருடைய மனைவி பாக்கியம் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அந்தக் கம்பிய ஆரு வைக்கச் சொன்ன, மிஸ்?"

"வழி செய்யச் சொன்னது நான்தான், பாக்கியம். அதில ஒண்டும் பூட்டப்படாதெண்டு எழுதியிருந்ததை வாசிச்சதும் நான்தான்."



"காற்சட்டையப் போடுங்க எண்டு நான் எத்தின தரம் கெஞ்சின. என்ட சொல்ல அவர் எங்க கேட்டார்? நீங்க ஒருக்கா இறுக்கிச் சொல்லியிருந்தா கேட்டிருப்பார்."

அழாமல்தான் சொன்னார். பிறகு போய், வாசலில் இருந்த பெண்களோடு அமர்ந்துகொண்டார்.