"ரெண்டும் பொட்டைதானுங்க" என்று சத்தியம் செய்த பிரபு

பிரபு போய்விட்டான். திருச்செங்கோட்டில் வண்ணமீன் கடை வைத்திருந்த பிரபு. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தானாம்... என்னைவிடச் சின்னவன்.

நாலு மணிக்கு எடுக்கிறார்கள். நாமக்கல்லில் இருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஆனால் அத்தை என்னை விடவில்லை. வீட்டுக்காரர் போர் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில்.

அவரில்லாத வீட்டில் துணைக்கு என்றுதான் பிரபுவிடம் ஆக்ஸலாட்டில் என்ற பிராணி இரண்டு வாங்கினேன். தண்ணீரிலேயே கிடக்கும், நாலு காலும் உண்டு, தலைக்கு இரண்டு பக்கமும் பூ மாதிரி செவுள். அத்தை வைத்த பெயர் "பூ வெச்ச பல்லி".

ஜோடி வேண்டாம் தம்பி, குஞ்சு பொரித்தால் யார் பார்ப்பது என்றேன். "ரெண்டும் பொட்டைதானுங்க அக்கா, சத்தியமா" என்றான்.

போன வருஷம் ஒன்றுக்கு வால் ஆரம்பிக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் வீக்கம். பயந்துபோய் போட்டோ அனுப்பினேன். "மலச்சிக்கலுங்க அக்கா. ரெண்டு நாளைக்குத் தீனி போடாதீங்க."

பாவம், பட்டினி போட்டேன். அது என்னடாவென்றால் வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் நடக்கிறது, இன்னொன்று மூக்கால் இடித்துக்கொண்டு பின்னாலேயே போகிறது. அப்புறம் பார்த்தால் கல்லின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பிசின்... அடுத்த நாள் செடி முழுக்க முட்டை.

போன் செய்தேன். "அக்கா... அந்த வீங்குனது பையனுங்க." இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அத்தை அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே வந்து பொட்டையைத் தனி டப்புக்கு மாற்றினான். "முட்ட போட்டவளுக்கு ரெஸ்ட் வேணுங்க. இல்லீனா பையன் உடமாட்டான்."

போன மாதம் தீனிப் புழு வாடையே எனக்கு ஆகவில்லை. வாந்தி. கெட்டுப்போன புழுவைத் தந்துவிட்டாய் என்று அவனிடம் சண்டை பிடித்தேன்.

"புழு நல்லாத்தான் இருக்குதுங்க. என்ற சம்சாரமும் இப்படித்தான் வாந்தி எடுக்க ஓடுனா. ஒருக்கா டாக்டரப் பாருங்க அக்கா. இந்தவாட்டி மலச்சிக்கல்னு சொல்லமாட்டேன்."

டாக்டர் ஆமாம் என்றார். இத்தனை வருஷம் கழித்து... மூன்று மாதம் முடியாமல் வெளியே மூச்சு விடக்கூடாது என்றார் அத்தை. பிரபுவிடமும் சொல்லவில்லை.

இன்று நான் செருப்பை மாட்டியதும் அத்தை கேட்டைப் பூட்டிவிட்டார். "மாசமா இருக்கறவ எளவூட்டுக்குப் போவாங்களா சாமி? உள்ள போ." கத்தினேன், அழுதேன். அவரும் அழுதார். சாவி மட்டும் தரவில்லை.

கோபம் கோபமாக வருகிறது. தண்ணீர் சூடாகாமல் இருக்கத் தொட்டியில் போடும் ஐஸ் பாட்டிலை மாற்றிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். மணி மூன்றரை. இனிமேல் சாவி கொடுத்தாலும் போய்ச் சேர முடியாது.

இங்கே நெட்டில் எழுதினால் ஊருக்கே தெரிந்துவிடும். தெரியட்டும்.

பிரபு... டாக்டரைப் பார்த்துவிட்டேன். இந்தவாட்டி நீ சொன்னது சரிதான்.

போய் வா சாமி.