விருந்தாளியிடம் கேட்கக் கூடாத கேள்வி

1. அறை எண் 101

வகுப்பறையின் நடுவில் ஒரு கட்டில் கிடந்தது. வெள்ளை விரிப்பு, நான்கு தலையணைகள், கால்மாட்டில் மடித்து வைத்த துண்டுகள் இரண்டு. கதவில் 101 என்று பித்தளை எண் பதித்திருந்தார்கள். 102 கிடையாது. தஞ்சாவூருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் இருந்த அந்தச் சமுதாயக் கல்லூரியில், விருந்தோம்பல் மற்றும் சுற்றுலா மேலாண்மை டிப்ளமோ படிக்கும் எங்களுக்கு அதுதான் ஓட்டல் அறை.

அந்தக் கட்டிலில் யாரும் ஒருநாளும் படுத்ததில்லை. தினமும் கலைத்தோம், தினமும் விரித்தோம். மதிய வகுப்பில் ஜன்னல் வழியாக வயல் காற்று வரும். விரிப்பு லேசாக எழும்பி அடங்கும். யாரோ மூச்சுவிட்டுத் தூங்குவதுபோல இருக்கும். காரணம் சொல்லத் தெரியாது, எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வோம்.

நான் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மூட்டைகளை எண்ணி எண்ணி, எதைக் கண்டாலும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. மகன் சிங்கப்பூரில் சம்பாதித்துக் கட்டியவை. அவன் அங்கேயே தங்கிவிட்டான். கோயிலும் ஆறும் பார்க்க வருகிறவர்களுக்கு அவற்றை வாடகைக்கு விடலாம் என்று எனக்கு ஆசை. என் மனைவி சரோஜா நிபந்தனை போட்டாள்.

"பாத்ரூம் குழாய் சொட்டுனாலே பத்து தடவ எந்திரிச்சுப் பாக்கிற ஆளு நீங்க. வர்றவங்களயும் நிம்மதியா இருக்க விட மாட்டீங்க. ஒழுங்காப் படிச்சு, சர்டிபிகேட்டோட வாங்க. அப்ப மாடிச் சாவியத் தர்றேன். இல்லன்னா மேல நெல்லக் கொட்டிடுவேன்."

சொன்னால் செய்துவிடுவாள். அதனால்தான் சேர்ந்தேன்.

2. ஒத்திகை

என்னையும் சேர்த்து இருபத்திரண்டு பேர். மற்ற எல்லோரும் என் மகனைவிடச் சின்னவர்கள். எங்களுக்கு ஃப்ரண்ட் ஆபீஸ், அதாவது வரவேற்பு மேசைப் பாடம் எடுத்தவர் வசந்தி மேடம். பேராவூரணிக்காரர், சென்னையில் பெரிய ஓட்டல்களில் ரிசப்ஷன் பார்த்தவர். ஒருநாள் மேசையைப் போட்டு என்னை ரிசப்ஷனிஸ்ட் ஆக்கினார். பூதலூரிலிருந்து வரும் நதியா பையைத் தூக்கிக்கொண்டு விருந்தாளியாக வந்தாள்.

பெயர் கேட்டேன். அடையாள அட்டை கேட்டேன். காபிக்குச் சர்க்கரை வேண்டுமா, கொசு கடித்தால் தடிக்குமா, தலையணை உயரமாக இருக்கலாமா என்றெல்லாம் கேட்டுவிட்டுச் சாவியை நீட்டினேன்.

"சார், டிபார்ச்சர் டேட்?" என்றார் மேடம்.

"அத அவங்களே சொல்லுவாங்க மேடம்."

"எப்பக் கிளம்புறீங்கன்னு நீங்கதான் கேக்கணும். அது தெரியாம அடுத்தவங்களுக்கு ரூம எப்படிக் குடுப்பீங்க?"

"வந்தவங்க இன்னும் பையக்கூடக் கீழ வைக்கல. அதுக்குள்ள எப்பப் போவீங்கன்னு எப்படிங்க கேக்கறது?"

வகுப்பே சிரித்தது. "எங்க வீட்ல அப்படிக் கேட்டா எங்கம்மா கரண்டியாலயே போடுவாங்க மேடம்" என்றாள் நதியா.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. விருந்தாளியிடம் எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்பது, கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு போகச் சொல்வதற்குச் சமம். அவராகவே கிளம்புகிறேன் என்றாலும் "அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று சொல்ல வேண்டும். ஒரு முறை அல்ல, மூன்று முறை. சொல்லாவிட்டால் அவர் ஊருக்குப் போய் அதைச் சொல்லிக் குறைபட்டுக்கொள்வார்.

மேடம் எல்லோரையும் அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தார். இருபத்திரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டோம்.

"நீங்கல்லாம் ஓட்டல் வச்சா, வந்தவன் ஒருத்தனும் ஊர் திரும்ப மாட்டான்" என்றார் மேடம்.

3. ஆற்றைப் பார்த்த அறை

கடைசியாக ஓட்டல் பயிற்சி. எனக்கும் நதியாவுக்கும் காவிரிக் கரையிலிருந்த ஒரு சின்ன ஓட்டல் கிடைத்தது. எட்டே அறைகள். நான் ரிசப்ஷன், அவள் ஹவுஸ்கீப்பிங். மேனேஜர் தாமஸ் சார் கையெழுத்துப் போட்டால்தான் பயிற்சி முடிந்ததாகக் கணக்கு. அது இல்லாமல் சர்டிபிகேட் இல்லை.

மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள், தண்ணீர் இன்னும் எங்கள் பக்கம் வரவில்லை. ஆறு முழுக்க வெள்ளை மணல். வெயிலில் அது அசைவதுபோலத் தெரியும். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால், நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோகும்.

அப்படி ஒரு மதியம் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து சென்னியப்பன் என்பவரும் அவர் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. கீழ்த்தளத்தில் ஆற்றைப் பார்த்த அறையைக் கொடுத்தேன். புறப்படும் தேதியைக் கேட்க வாயைத் திறந்தேன், "மோர் சாப்பிடுறீங்களா?" என்றுதான் வந்தது. தேதி இல்லாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது. நானாக மறுநாள் தேதியைப் போட்டேன்.

மறுநாள் காலையில் சென்னியப்பன் மேசைக்கு வந்து, "அப்புறமுங்க..." என்று ஆரம்பித்தார்.

"அதுக்குள்ள என்னங்க? தண்ணி வர்ற நேரம். பாத்துட்டுப் போகலாம்" என்றேன்.

"அப்படிங்களா, சரிங்க" என்று திரும்பிப் போனார். தேதியை ஒரு நாள் தள்ளிப் போட்டேன். அதற்கடுத்த காலையும் இதேதான் நடந்தது.

அன்று நதியா என்னிடம் வந்து, "அங்கிள், அந்த ரூம்ல பெட்டி கட்டியே இருக்கு. காலைல கட்டுறாங்க, சாயங்காலம் பிரிக்கிறாங்க. ஒண்ணும் புரியல" என்றாள். எனக்கும் புரியவில்லை. பூட்டு சரியில்லையோ, திருட்டுக்குப் பயப்படுகிறார்களோ என்று கவலைப்பட்டு, போய்ப் பூட்டைச் சோதித்துவிட்டு வந்தேன்.

அதற்கு மறுநாள் தாமஸ் சார் கூப்பிட்டார். "கீழ் ரூம் இன்னைக்கு மதியம் பெங்களூர் பார்ட்டிக்கு புக்கிங். வர்றவருக்கு இடுப்புல ஆபரேஷன் ஆயிருக்கு, மாடி ஏற மாட்டார். மத்த கீழ் ரூமெல்லாம் ஃபுல். நீங்க தினம் தேதியத் தள்ளிட்டே இருக்கீங்க. எப்பக் காலி பண்றாங்க?"

"கேக்கல சார்."

"போய்க் கேளுங்க. இந்த ஒரு கேள்வி கேக்க முடியலன்னா இந்த வேலை உங்களுக்கு ஆகாது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

இருவரும் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் பக்கத்தில் போய் நின்றேன். சரோஜா சொன்னபடி எங்கள் வீட்டு மாடியில் நெல் குவிந்து கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தது. வெயில் அதிகமோ, குடை கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள்.

அப்போது மேற்கே மணலில் ஒரு கோடு தெரிந்தது. சத்தமே இல்லை. நுரையும் சருகும் முன்னால் வர, மணல் வரிவரியாக நிறம் மாறிக்கொண்டே வந்தது. குழிகளில் நின்று நிரம்பி, பிறகு நகர்ந்தது. எதிர்க்கரையில் யாரோ குலவையிட்டார்கள். கடைசியில் எங்கள் காலுக்குக் கீழே வந்து சேர்ந்தது தண்ணீர்.

சென்னியப்பன் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, தண்ணிதான் வந்துருச்சுங்களே. இனிமேலாவது நாங்க கிளம்பலாமுங்களா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீங்க இருக்கணும்னு ஆசைப்பட்டு இருந்தீங்கன்னு..."

"ஒரே நாளுக்குத்தானுங்க வந்தோம். நீங்க இத்தன பிரியமா இருக்கச் சொல்றீங்க. மூஞ்சில அடிச்ச மாதிரி போறேன்னு எப்படிங்க சொல்றது?"

அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "எருமை ரெண்டயும் பக்கத்து வூட்ல வுட்டுட்டு வந்தோமுங்க. அவிய தினமும் போனப் போட்டு வையறாங்க. முத நாளே எப்பப் போறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்போமுங்கல்ல?"

"மன்னிச்சுக்குங்க அம்மா. ஆட்டோ சொல்லட்டுங்களா?"

"சீக்கிரம் சொல்லுங்க!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

ஆட்டோவில் ஏறியதும் அந்த அம்மா முகத்தில் வந்த சிரிப்பை, இருந்த நாட்களில் ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை.

"கேட்டீங்களா?" என்றார் தாமஸ் சார்.

"இல்ல சார். அவங்கதான் கிளம்பலாமான்னு என்கிட்ட கேட்டாங்க."

அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. பிறகு வாசலைக் காட்டினார். பெங்களூர்க்காரர் ஊன்றுகோலோடு இறங்கிக்கொண்டிருந்தார். நதியா அதற்குள் அறையைத் தயார் செய்துவிட்டாள். நான் பெயர் எழுதினேன், அடையாள அட்டையை வாங்கினேன், தலையை நிமிர்த்தினேன்.

"எப்பங்க கிளம்புறீங்க?"

அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. "புதன்கிழமை காலைல. அதுவரைக்கும் யாரும் எழுப்பாதீங்க சார், நல்லாத் தூங்கணும்" என்றார்.

தாமஸ் சார் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். சரோஜாவும் சாவியைக் கொடுத்தாள்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இது ஒன்றுதான். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நாம் நினைக்கிறோம். அந்த மரியாதையின் பாரம் விருந்தாளியின் தலையில் இறங்குகிறது. நாம் கேட்டுவிட்டால், எப்படிச் சொல்வது என்ற கவலை அவருக்கு இல்லை.

இதை எழுதும் இந்த மதியத்தில் மாடி அறையில் ஒரு புதுத் தம்பதி இருக்கிறார்கள். வியாழக்கிழமை போகிறார்கள். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். சாப்பிட்டுவிட்டு ஏறிப் போனவர்கள்தான், மின்விசிறிச் சத்தத்தைத் தவிர மேலே ஒன்றும் கேட்கவில்லை. நன்றாகத் தூங்குகிறார்கள்.