சனிக்கிழமை வகுப்பில் கேட்ட விபத்து

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். மலேசியாவின் ஈப்போ நகரத்தில் ஒரு தனியார் கல்லூரியில், வார இறுதி வகுப்பில் மாணவியாக உட்கார்ந்திருந்தபோது நடந்தது. மாணவி என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அப்போதே நாற்பது தாண்டியிருந்தது. கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை, லாரி ஓட்டும் கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், எங்களோடு என் அப்பா. இதுதான் என் குடும்பம்.

பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தோடு படிப்பை விட்டவள் நான். எங்கள் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி வேலை காலியாகப் போகிறது, டிப்ளோமா இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று மேனேஜர் சொன்னதும் ஆசை வந்துவிட்டது. "போய்ப் படிலா. வீட்ட நான் பாத்துக்க மாட்டேனா?" என்றார் கணவர். பாவம், அவர் பாதி நாள் ரோட்டில் இருப்பார். நிஜத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்டது அப்பாதான். அவருக்கு வலது கை முழங்கைக்குக் கீழே கிடையாது. இடது கையாலேயே சோறு வடிப்பார், மீன் கழுவுவார், சின்னவளுக்குத் தலை சீவி கிளிப் குத்திவிடுவார். வகுப்பு முடிந்து நான் வரும்போது துணியெல்லாம் காய்ந்து உள்ளே வந்திருக்கும்.

அப்பாவின் கை போன கதை எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில், ரப்பர் ஆலையில் அவருக்கு வேலை. உறைந்த ரப்பர் பாலை இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டுத் தகடாக அழுத்தும் மெஷின். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்த மறுநாள், போதை தெளியாமல் வேலைக்குப் போய்க் கையை விட்டுவிட்டார் என்பதுதான் கதை. அம்மா இதைச் சண்டையில் மட்டும் சொல்லவில்லை, குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே கூடச் சொல்வார். அப்பா ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. அந்த விபத்துக்குப் பிறகு அவர் குடியைத் தொட்டதும் இல்லை. அம்மா இறந்து சில வருடங்கள் ஆகியும் அந்தக் கதை அப்படியே இருந்தது. நானும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

எங்களுக்குப் பாடம் நடத்தியவர்களில் ஒருவர், தொழிற்சாலைகளைச் சோதனை போடும் அரசாங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சிலோன் தமிழர். வகுப்பில் ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசுவார், வெளியே தமிழில் நலம் விசாரிப்பார். அன்று பாடம், மெஷின்களில் இருக்க வேண்டிய தடுப்புகள் பற்றி. சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு. முந்தின ஷிப்டின் அலுப்பில் எனக்குக் கண் சொக்கிக்கொண்டு வந்தது. தூங்கிவிடக் கூடாதே என்று பேனாவை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

அவர், தான் வேலையில் சேர்ந்த புதிதில் விசாரித்த ஒரு விபத்தைச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு தோட்டத்து ரப்பர் ஆலையில் உருளை மெஷினில் ஒருவருடைய கை மாட்டிக்கொண்டது. அந்தக் காலத்தில் இப்படி எத்தனையோ நடந்திருக்கும் என்று நினைத்தபடி குறிப்பெடுத்தேன். முந்தின நாள் கோயில் திருவிழா, ஆள் குடித்திருந்தார் என்று தோட்ட நிர்வாகம் சொன்னதாம். என் பேனா நின்றது.

அவர் தொடர்ந்தார். அந்த மெஷினின் முன்பக்கம் இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி இருக்குமாம். ஆபத்தில் உடம்பால் முட்டினால் போதும், உருளை நின்றுவிட வேண்டும். இவர் போய்ப் பார்த்தபோது அந்தக் கம்பி அசையாதபடி ஒயரால் கட்டப்பட்டிருந்தது. அடிக்கடி மெஷின் நின்று வேலை கெடுகிறதென்று யாரோ செய்த வேலை. ஒயரில் துரு ஏறிப் போயிருந்ததால், அது புதிதாகக் கட்டியதில்லை என்றும் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்த டாக்டரையும் கேட்டிருக்கிறார். போதைக்கான அடையாளமே இல்லை என்றாராம்.

"அன்று மாலையே நான் வார்டுக்குப் போனேன். அவர் தன் கையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. தன் மகளைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வந்தார்கள் என்றுதான் கேட்டார்" என்று மலாயில் சொல்லி நிறுத்தினார்.

அந்த மகள் நான்தான். ஒன்றாம் வகுப்பு. அப்பா மோட்டார் சைக்கிளில் வருவார் என்று பள்ளி வாசலில் காத்திருந்து, எல்லாரும் போன பிறகு, ஒரு டீச்சர் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் டின் பால் கலக்கிக் கொடுத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முன் வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கி, இது பரீட்சைக்கு வருமா என்று கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள்.

வகுப்பு கலைந்த பிறகு அவர் மேஜைக்குப் போனேன்.

"சார், அது எந்தத் தோட்டம்?"

சொன்னார். எங்கள் தோட்டம்தான்.

"அந்தப் புள்ள நான்தான் சார். அப்பா இப்ப என் வீட்டுலதான் இருக்காரு."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். குடித்துவிட்டுத்தான் கையை விட்டார் என்று இன்றுவரை எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னேன். நீங்கள் அப்பாவிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"இல்லம்மா. நான் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன், தோட்டத்து மேல நடவடிக்கை எடுத்தாங்க. அவருக்கும் யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சுட்டேன்."

வருடா வருடம் புது மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லி வந்திருக்கிறார். தெரிய வேண்டிய ஒருவருக்கு மட்டும் தெரியவில்லை.

எப்படிக் காரை ஓட்டி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. அப்பா சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தார். உடை கூட மாற்றாமல் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அப்பா, கை மாட்டுன அன்னிக்கு நீங்க போதையிலயா இருந்தீங்க?"

இதுவரை நான் கேட்டதே இல்லாத கேள்வி. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"முந்தின நாள் குடிச்சேன்மா. காலையில குளிச்சிட்டுத்தான் போனேன். தெளிவாத்தான் இருந்த மாதிரி இருந்திச்சு. ஆனா தோட்டத்து மேனேஜர் தொரை சொன்னாரு, கணக்கெழுதுற கிராணி சொன்னாரு, ஒங்கம்மாவும் அழுதுக்கிட்டே சொன்னா. இத்தன பேரு சொல்றப்ப நமக்குத்தான் நெனப்பு தப்பிப் போச்சுன்னு விட்டுட்டேன்."

வகுப்பில் கேட்டதை விட இதுதான் என்னைப் பெரிதாக அடித்தது. கேட்டதையெல்லாம் சொன்னேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். ஒயர் என்றதும் அவர் குழாயை மூடினார்.

"கட்டியா வச்சிருந்தாங்க?"

"ஆமாப்பா."

"நான் வயித்தால முட்டுனேன்மா. ரெண்டு மூணு தடவ முட்டுனேன். நிக்கல. அப்புறம் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு யோசிச்சுப் பாத்தேன், ஒருவேள நான் முட்டவே இல்லியோன்னு."

ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஒங்கம்மா தெரியாமலே போயிட்டாளே" என்றார். நான் அழுதேன். அவர் அழவில்லை. எழுந்து அரிசியை அடுப்பில் வைத்தார்.

மறு வாரம் அந்த ஆசிரியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வரச் சொல்லி நான் கேட்கவில்லை, அவராகவே முகவரி வாங்கிக்கொண்டு வந்தார். அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நான் அன்னைக்கே உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும்" என்றார். அப்பா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபம் வந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒங்கள எனக்கு ஞாபகம் இருக்கு சார். புள்ள டீச்சரு வீட்டுல பத்திரமா இருக்குன்னு விசாரிச்சு வந்து சொன்னது நீங்கதான்" என்றார் அப்பா.

பிறகு என் கணவரையும் பிள்ளைகளையும் ஹாலுக்குக் கூப்பிட்டார். டிவியை நிறுத்தச் சொன்னார். எல்லாரும் உட்கார்ந்ததும் ஆசிரியரிடம் திரும்பி, "சார், அந்த ஒயரு விஷயத்த இவங்க முன்னால ஒரு தடவ சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னார். வகுப்பில் சொன்னது போல இல்லாமல், தமிழில், நிதானமாக, ஒன்றையும் விடாமல் சொன்னார். அப்பா நேராக நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் என் மகன், "அப்ப தாத்தா மேல தப்பே இல்லியா?" என்று கேட்டான். "இல்லப்பா, கொஞ்சம் கூட இல்ல" என்றார் ஆசிரியர். அப்பா எழுந்து போய் எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்க ஆரம்பித்தார்.

டிப்ளோமாவை முடித்துவிட்டேன். அந்தப் பாதுகாப்பு அதிகாரி வேலையும் கிடைத்தது. இப்போது எங்கள் தொழிற்சாலையில் யாருக்கு அடிபட்டாலும், விசாரணை முடிந்ததும் முதல் வேலையாக அவர் இருக்கும் இடம் தேடிப் போகிறேன். அவர் நேபாளியோ வங்காளதேசியோ, பக்கத்தில் உட்கார்ந்து, நடந்தது இதுதான் என்று அவருக்குப் புரியும் வரை சொல்கிறேன். சில பேர் எதற்கு இந்தச் சிரமம் என்று கேட்கிறார்கள். சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னால், தன் உடம்புக்கு நன்றாகத் தெரிந்த உண்மையைக்கூட ஒரு மனிதர் கைவிட்டுவிடுவார் என்பதை, என் வீட்டுச் சமையலறையில் நின்று கேட்ட அதிர்ச்சி எனக்கு இன்னும் தீரவில்லை.