அந்தப் பக்கம், சர்ச் வாசலில்

நேவா சைக்கிள்காரர்களைக் கூட்டிக்கொண்டு போகும் பாதையில் ஒரு கோணல் உண்டு. எங்கள் மலையில் எல்லாருக்கும் அது தெரியும். மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை வாரத்துக்கு ஒரு கூட்டம் வரும். பத்துப் பேர், பன்னிரண்டு பேர். காலையில் ஸ்லோவேனியாவில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குள் நாலு தடவை இத்தாலிக்குள் போய்த் திரும்புவார்கள். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே எல்லைக்கோடு அப்படி வளைந்து கிடக்கிறது. அதெல்லாம் சரி. இத்தாலிப் பக்கத்து ஷ்தெவர்யான் ஊர் நெருங்கும்போது மட்டும் நேவா நேர்சாலையை விட்டுவிட்டு மூன்று கிலோமீட்டர் சுற்றி, செங்குத்தான ஒரு மேட்டில் அத்தனை பேரையும் ஏற்றுவாள். பேட்டரி வைத்த சைக்கிளே அங்கே முனகும்.

சாமான் வேனை ஓட்டிக்கொண்டு பின்னால் வரும் பெப்பிக்கு இது பத்து வருடக் கடுப்பு. அவன் நேவாவோடு ஒரே வகுப்பில் படித்தவன். அதனால் வாய் கொஞ்சம் நீளம்.

“அந்த மேட்டுக்கும் உனக்கும் அப்படி என்ன தாயே உறவு? எழுபது வயசுல ஆஸ்திரேலியாவுலேருந்து வந்திருக்காங்க. மூச்சு முட்டி விழுந்தா நான்தானே அள்ளிப் போட்டுக்கிட்டு வரணும்?”

“மேல போனா காட்சி நல்லாருக்கும்.”

“காட்சியா? ஒரு மாட்டுக்கொட்டகையும் ஒரு செல்போன் கோபுரமும் இருக்கு. அதைப் பாக்கவா இவ்வளவு தூரம் பறந்து வர்றாங்க?”

நேவா தண்ணீர் குடிப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வாள். காரணம் பெப்பிக்குத் தெரியாமல் இல்லை. நேர்சாலையில் ராடோவின் வீடு இருக்கிறது.

அது 1986. எங்கள் பக்கம் அன்றைக்கு யுகோஸ்லாவியா. இரண்டாம் உலகப்போர் முடிந்து எல்லைக்கோடு போட்டவர்கள் ராடோவின் அப்பாவை இத்தாலியிலும் அவருடைய தோட்டத்தில் பாதியை எங்களிடமும் விட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பாதியைக் கவனிக்க அந்தக் குடும்பத்துக்கு ஒரு அனுமதி அட்டை கொடுத்திருந்தார்கள். தோட்டத்து ஓரமாக உள்ள சின்னக் கேட் வழியாக மட்டும் வந்து, அதே வழியாகத் திரும்பவேண்டும். ராடோ அப்படித்தான் வந்தான். பக்கத்துத் தோட்டம் நேவாவுடையது. மூன்று கோடைகாலம் இரண்டு பேரும் கொடி கட்டினார்கள், களை எடுத்தார்கள், வேலை இல்லாத நாளிலும் ஏதாவது ஒரு வேலையைக் கண்டுபிடித்தார்கள். அவளுக்கு இருபத்தொன்று, அவனுக்கு இருபத்துநாலு.

எங்கள் ஆட்கள் பேச்சில் நாட்டின் பெயர் வரவே வராது. எல்லாம் “அந்தப் பக்கம்”தான். எங்களுக்குக் காபித்தூளும் ஜீன்ஸும் அந்தப் பக்கம். அவர்களுக்கு இறைச்சியும் பெட்ரோலும் அந்தப் பக்கம். பள்ளத்தாக்கின் இரண்டு கரையிலும் மேட்டின்மேல் ஆளுக்கொரு சர்ச். ஒன்றின் மணிச்சத்தம் இன்னொன்றுக்குக் கேட்கும்.

அக்டோபர் மாதம் அறுவடை முடிந்த ஒரு சனிக்கிழமை. ராடோவின் தங்கை தோட்டத்துக்கு வந்து ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். “நாளைக்குப் பத்து மணிக்கு, அந்தப் பக்கம், சர்ச் வாசலில் இருப்பேன். நீ வந்தால் கல்யாணத்துக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். வராவிட்டால் இனிமேல் கேட்டுத் தொந்தரவு செய்யமாட்டேன்.”

காபித்தூள் வாங்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, இருந்ததில் நல்ல உடுப்பாக ஒரு நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு நேவா பெரிய சோதனைச்சாவடி வழியாக இத்தாலிக்குள் போனாள். ராடோவின் ஊர் சர்ச் வாசலில் போய் நின்றாள். பூசை முடிந்து ஊர் கலைந்தது. மதியம் ஆனது. மழை தூறி விட்டது. சாவடி மூடும் நேரம் நெருங்கிய பிறகு, சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் அவள் அங்கிருந்து நகர்ந்தாள். காபித்தூள் வாங்க மறந்துபோனாள்.

கேட்டவனே வரவில்லை. அந்த வாரத்திலிருந்து தோட்டத்துக்கும் அவன் அப்பாதான் வந்தார். ராடோ மோன்ஃபல்கோனே கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று காதில் விழுந்தது, பிறகு கல்யாணம் ஆனது என்றும். ஏன் வரவில்லை என்று போய்க் கேட்டிருக்கலாம். நேவாவா கேட்பாள்? எங்கள் ஊர் ரோஷத்தைக் குத்தகைக்கு எடுத்த வம்சம் அது. அவளும் ஒருத்தனைக் கட்டினாள். பதினோரு வருடம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிரிந்தாள். மகள் மாரிபோரில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். சாவடிகளை எடுத்துவிட்ட பிறகு, கூட்டுறவு ஆபீசில் கற்ற நாலு மொழியையும் வைத்துக்கொண்டு நேவா சைக்கிள் வேலைக்கு வந்தாள்.

ராடோமேல் இருந்த கோபம்தான் அவளை நிமிர்த்தி வைத்திருந்தது. ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஏங்கினாள். அறுவடை மாதத்தில் புளிக்கும் திராட்சையின் வாசனை எழும்போதெல்லாம் அவளுக்கு இருபத்தொரு வயது வந்துவிடும். முப்பத்தேழு வருடமும் அப்படித்தான்.

போன ஜூனில் ஐந்து நாள் அடைமழை. மேட்டுப்பாதை சரிந்து, குறுக்கே நாடா கட்டிவிட்டார்கள்.

பெப்பி வேனிலிருந்து தலையை நீட்டினான். “இப்ப என்ன பண்ணுவ? பறந்து போறியா?”

“வாயை மூடிக்கிட்டு ஓட்டு,” என்றாள் நேவா. நிற்காமல் வேகமாகக் கடந்துவிடுவது என்று அவள் திட்டம்.

திட்டத்தைக் கெடுத்தவள் ஹேஸல். ஓய்வுபெற்ற ஆஸ்திரேலிய நர்ஸ், எல்லாருக்கும் முன்னால் போகிறவள். முச்சந்தி மரத்தில் ஐவிக் கொடிக் கொத்து ஒன்று தொங்கியது, கீழே சிவப்பு அம்புக்குறி. கொத்து தொங்குகிற எட்டு நாளும் அந்த வீட்டுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், வீட்டு ஒயினும் சொந்தப் பன்றிக்கறியும் கிடைக்கும், அழைப்பே வேண்டாம் என்று முந்தின நாள் வாய் கிழியச் சொல்லிக்கொடுத்தவள் நேவாதான். ஹேஸல் அதைப் பார்த்ததும் ஒரே திருப்பு. மற்ற ஒன்பது பேரும் பின்னாலேயே போனார்கள்.

நேவா ராடோ வீட்டுக் கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே பெஞ்சுகள் போட்டு, கறி நறுக்கி, பெரிய சிரிப்பாகச் சிரித்துப் பரிமாறிக்கொண்டிருந்தாள் ராடோவின் மனைவி லொரெடானா. ராடோ ஒரு கிளாசில் ஒயினோடு கேட்டுக்கு வந்தான். முடி போயிருந்தது. நடை போகவில்லை.

“உள்ள வரமாட்டியா?”

“வேலையில இருக்கேன்.”

“நீ சுத்திப் போறதா கேள்விப்பட்டேன். பாவம், அந்த வயசானவங்களை ஏன் மேட்டுல ஏத்துற? நான் ஒண்ணும் கடிச்சுட மாட்டேன்.” கிளாசை மதில்மேல் வைத்தான். “நீ வராததுக்கு நான் கோவிச்சுக்கல நேவா. இஷ்டமில்லேன்னா இல்ல. அவ்வளவுதானே.”

“யாரு வரல? என்ன பேசுற நீ? உங்க சர்ச் வாசல்லதானே வந்து நின்னேன்!”

“எங்க சர்ச்லயா?” அவன் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. “அந்தப் பக்கம்னுதானே எழுதினேன்.”

“ஆமா. அந்தப் பக்கம். உன் பக்கம்.”

“இந்த வீட்டு அடுப்படியில உக்காந்து எழுதினேன். எனக்கு அந்தப் பக்கம்னா உங்க ஊருதான். உங்க சர்ச் வாசல்லதான் நான் நின்னேன்.”

ஒரு பள்ளத்தாக்கை நடுவில் வைத்துக்கொண்டு, ஒரே மணிச்சத்தத்தைக் கேட்டபடி, ஒருவர் ஊரில் மற்றவர் நின்றிருக்கிறார்கள். அவன் வந்திருக்கிறான். இத்தனை வருடம் அவள் திட்டித் தீர்த்த ஆள் அன்றைக்கு அவள் வீட்டுக்கு நூறு அடியில் நின்றிருக்கிறான். கோபம் போய்விட்டது. போனபின்தான் தெரிந்தது, அது இல்லாமல் இந்த மனிதனுக்கு எதிரில் நிற்க அவளுக்குத் தெம்பில்லை என்று.

“கேட் மூடுற நேரம் வரைக்கும் நின்னேன்,” என்றான் ராடோ. “அதுக்கப்புறம் தோட்டத்துப் பக்கம் வரவே முடியல. அப்பா கேட்டாரு, நான் கப்பல் பட்டறைக்குப் போறேன்னுட்டேன். நீ? நீ எவ்வளவு நேரம் நின்ன?”

அவன் மதிலை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். அப்போது உள்ளிருந்து லொரெடானா கூப்பிட்டாள். “ஏங்க, அந்தம்மாவை வெயில்லயே நிக்க வச்சுப் பேசுறீங்களே! உள்ள வாம்மா நீ. உனக்குன்னு தொடைக்கறி எடுத்து வச்சிருக்கேன். இந்த மனுஷனுக்கு விருந்தாளியைக் கவனிக்கத் தெரிஞ்சாத்தானே!”

அதில் கள்ளமே இல்லை. நேவா அவளைப் பார்த்தாள். பிறகு ராடோவின் கையைப் பார்த்தாள்.

“அரைமணி நேரம்,” என்றாள். “மழை வர்ற மாதிரி இருந்துச்சு. கிளம்பிட்டேன்.”

“அரைமணிதானா?”

“பின்ன? நாள் பூரா நிப்பேன்னு நெனச்சியா?”

ராடோ நிம்மதியாக மூச்சு விட்டான். மதிலைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. “நல்லவேளை,” என்றான். “முழுக்க நின்னுருந்தேன்னு சொல்லியிருந்தா என்னால தாங்கியிருக்க முடியாது. உனக்கு எப்பவுமே பொறுமை கிடையாது.” அவன் சிரித்தான்.

முப்பத்தேழு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் பார்க்கிறாள். அதை இன்னும் கொஞ்ச நேரம் அவன் முகத்தில் வைத்திருக்க அவள் எந்தப் பொய்யையும் சொல்லியிருப்பாள்.